எம்.டெக். ஆய்வு: டெல்டா வயலில் மீத்தேனை அளப்பதா, மாடலோடு நிறுத்திக்கொள்வதா?

வரப்புநடை | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். மண், நீர்வளப் பாதுகாப்புப் பொறியியலில் எம்.டெக். முதலாண்டு படிக்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வுத் தலைப்பைக் குழுவின் முன் வைக்க வேண்டும். நெல் வயலில் நீர் தேங்கி நின்றால் மண்ணில் காற்றில்லாமல் மீத்தேன் உருவாகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது நீரை வற்றவிட்டு மறுபடி பாய்ச்சி, நீர் கட்டினால் அது எவ்வளவு குறைகிறது என்பதைக் காவிரி டெல்டாவில் குறுவையில் பார்க்க ஆசை.

வழிகாட்டி வேண்டாம் என்கிறார். "களத்தில் இறங்கினால் இரண்டு ஆண்டில் பட்டம் கைக்கு வராது, டி.என்.டி.சி. மாடலை ஓட்டி முடித்துவிடு" என்பது அவர் யோசனை. மண்ணிலிருந்து வரும் வாயுக்களைக் கணினியில் கணக்கிடும் மாடல் அது. எங்கள் கல்லூரியில் கேஸ் குரோமட்டோகிராப் (காற்று மாதிரியில் மீத்தேன் எவ்வளவு என்று அளக்கும் கருவி) கிடையாது. வெளியே கொடுத்தால் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம். எனக்குக் கிடைக்கப் போவதும் ஒரே ஒரு குறுவைதான். அதற்காக வயலைத் தொடாமல் வயலைப் பற்றி ஆய்வேடு எழுத மனம் வரவில்லை. இந்தத் துறையில் ஆய்வு செய்தவர்கள் யோசனை சொல்லுங்கள்.

நீர்க்கணக்கு | ஞாயிறு, இரவு 10:05

வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். முதலாண்டு பாடங்களிலேயே போய்விடும். மிச்சமுள்ள ஓராண்டில் மேட்டூர் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. ஜூன் 12 என்பது ஏட்டில் உள்ள தேதி. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது. அந்த ஆண்டுக் குறுவையை நம்பித் தலைப்பு வைத்தவர்களின் கதியை நினைத்துப் பாருங்கள்.

மாடலில் அந்தத் தொல்லை இல்லை. தினசரி வானிலை, மண்ணில் களியின் அளவு, அங்ககக் கரிமம், உரம் இட்ட நாள், நீர் நின்ற நாள்கள் எல்லாம் கையில் இருந்தால் முப்பது பருவங்களை ஒரே இரவில் ஓட்டிவிடலாம். ஒரு வயலை ஒரு பருவம் அளந்துவிட்டு 'டெல்டாவில் இவ்வளவு குறைகிறது' என்று எழுதுவதைவிட இது நேர்மையான வேலை.

பெட்டிக்காரன் | ஞாயிறு, இரவு 11:31

முனைவர் பட்டத்துக்காக நெல் வயலில் மூடிய பெட்டி வைத்துக் காற்று பிடித்தவன் நான். அளக்கும் ஆசையில் இருப்பவர்களிடம் வேலையின் கனத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

நான்கு நீர்ப்பாசன முறைகளை ஒப்பிடுகிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பாத்திகள் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றையும் மூடியதும், பிறகு 10, 20, 30 நிமிடங்களிலும் ஊசியால் காற்றை இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 48 மாதிரிகள். வாரம் ஒரு தடவை என்றாலும் பதினைந்து வாரத்தில் 720. குரோமட்டோகிராப்பில் ஒரு மாதிரிக்குப் பத்து நிமிடம் போட்டால் 120 மணி நேரம். அளவு தெரிந்த வாயுவை ஓட்டிக் கருவியைச் சரிபார்க்கும் நேரம் தனி, கருவி பழுதாகிக் கிடக்கும் நாள்கள் தனி.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் எடுக்க வேண்டும். மண்ணின் வெப்பநிலை அந்த நேரத்தில்தான் நாள் சராசரிக்கு அருகில் இருக்கும். ஆகவே ஒரே நேரத்தில் பல பெட்டிகளைப் பார்க்க ஆள் வேண்டும். பெட்டியின் அடிச்சட்டம் நடவிலிருந்து அறுவடை வரை மண்ணிலேயே இருக்கும். அதன் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றிப் பெட்டியை உட்கார வைத்தால் காற்று கசியாது. உள்ளே நெற்குத்துகள் இருந்தாக வேண்டும். ஏனென்றால் மீத்தேனின் பெரும்பகுதி நீரைத் துளைத்துக்கொண்டு மேலே வருவதில்லை, பயிரின் உடலில் உள்ள காற்றுக்குழல்கள் வழியாகவே வெளியேறுகிறது. கதிர் வந்தபின் பயிரை மூட ஒரு மீட்டர் உயரப் பெட்டி தேவைப்படும். சுற்றி நடக்கப் பலகைப் பாலம் போடவில்லை என்றால், உங்கள் காலடியில் சேறு அழுங்கிக் கிளம்பும் ஒரு குமிழியே அந்த அரைமணி நேரத்தில் பெட்டிக்குள் மீத்தேன் ஏறும் கணக்கைக் கெடுத்துவிடும்.

இதெல்லாம் மீத்தேனுக்கு மட்டும். வயல் காயும்போது மீத்தேன் குறையும், இன்னொரு பசுங்குடில் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு தலைதூக்கும். யூரியா இட்டு, மண் காய்ந்து, மறுபடி நனையும் சில நாள்களில்தான் அதன் உச்சம். வாரம் ஒரு தடவை போகிறவர் அதைத் தவறவிடுவார். அதற்கு வேறு உணரி வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழு) 2019இல் திருத்திய வழிகாட்டியில் தெற்காசியாவுக்கான அடிப்படை அளவு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். நூறு நாளுக்கு 85 கிலோ. பலமுறை வடியவிட்ட வயலுக்கான பெருக்கெண் 0.55. ஆக மிச்சமாவது சுமார் 38 கிலோ. ஒரு கிலோ மீத்தேன் சுமார் 27 கிலோ கரியமில வாயு அளவுக்குச் சூடாக்கும் என்பதால், அதை 27ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். நைட்ரஸ் ஆக்சைடுக்கான பெருக்கெண் 273. ஹெக்டேருக்குக் கூடுதலாக நான்கு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறினாலே மீத்தேனில் பெற்ற லாபம் முழுக்கப் போய்விடும். 2018இல் பி.என்.ஏ.எஸ். என்ற அமெரிக்க அறிவியல் இதழில் வந்த கட்டுரை ஒன்று, தென்னிந்திய வயல்களில் ஹெக்டேருக்கு ஒரு பருவத்துக்கு 33 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு வரை அளந்ததாகச் சொன்னது. அதே இதழில் மறுப்புகளும் வந்தன. யார் பக்கம் உண்மை என்ற சண்டைக்குள் இப்போது போக வேண்டாம். மீத்தேனை மட்டும் அளந்து 'பருவநிலைக்கு நல்லது' என்று முடிவுரை எழுதாதீர்கள்.

நீர்க்கணக்கு | திங்கள், காலை 6:48

நன்றி பெட்டிக்காரன். மாடலைப் பரிந்துரைக்க இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைத்திருக்காது.

கடைமடை | திங்கள், காலை 7:20

வேளாண்மை படித்துவிட்டு ஊரிலேயே பயிர் செய்கிறேன். வெண்ணாற்றுப் பாசனம், பெயருக்கேற்ற இடம். பெட்டியைப் பற்றியும் கணினியைப் பற்றியும் பேசுகிறீர்கள். மடையைப் பற்றி யாராவது பேசுங்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்றால், நினைத்தபோது நிறுத்தவும் நினைத்தபோது விடவும் என்னால் முடிய வேண்டும். என் நிலத்துக்கு வாய்க்கால் நேராக வருவதில்லை. மேல் வயல்காரர் வரப்பை வெட்டிவிட்டால்தான் தண்ணீர். அவர் வயலில் நீர் தேக்கி வைத்திருந்தால் என் வயலிலும் நீர் நிற்கும். தண்ணீர் விடும் முறை மாறி வாய்க்கால் வற்றினால் அவருக்கும் காயும், எனக்கு அவருக்கு முன்பே காயும். இதில் நான் தீர்மானிப்பது ஒன்றும் கிடையாது. அடுத்த முறை சொன்ன தேதியில் வரும் என்ற உறுதி இல்லாதவன், நிற்கும் தண்ணீரை எந்தத் தைரியத்தில் வடிப்பான்? வடிமுனைக் குழாய் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) போட்டவர் வேண்டுமானால் செய்யலாம். ஆனால் கடலை ஒட்டிய பக்கம் நிலத்தடி நீர் உப்பு. உப்பு இல்லாத இடத்திலும் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், தண்ணீரை மிச்சப்படுத்தினால் கையில் காசு நிற்பதில்லை.

சம்பாவைக் கேட்கவே வேண்டாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நாங்கள் வடிகாலைத் தூர்வாரச் சொல்லிப் போராடிக்கொண்டிருப்போம். அப்போது வந்து 'வயலைக் காயவிடுங்கள்' என்று துண்டறிக்கை கொடுக்கிறார்கள்.

தங்கை, ஆராய்ச்சிப் பண்ணையில் தனி மோட்டார், தனிக் குழாய், ஆணையிட்டால் திறக்க ஆள். அங்கே எடுக்கும் எண் அங்கே சரி. என் வயலுக்கு அது எப்படிப் பொருந்தும்?

வரப்புநடை | திங்கள், காலை 8:02

கடைமடை அண்ணா, ஒரு சந்தேகம். யாரும் சொல்லாமலேயே உங்கள் வயல் குறுவையில் எத்தனை தடவை காய்கிறது?

கடைமடை | திங்கள், காலை 8:15

ஆண்டுக்கு ஆண்டு மாறும். நல்ல ஆண்டில் இரண்டு மூன்று தடவை வெடிப்பு தெரியும். தலைமடையில் காலை வைத்தால் எப்போதும் சேறுதான்.

பெட்டிக்காரன் | திங்கள், பகல் 1:10

நீர்க்கணக்கு அவர்களே, மாடலுக்குக் கொடுக்க வேண்டியவற்றில் கடைசியாக 'நீர் நின்ற நாள்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். மீத்தேனை ஆட்டி வைப்பதே அதுதான். அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பீர்கள்? பெரும்பாலான ஆய்வேடுகளில் நடந்தது எனக்குத் தெரியும். 'தொடர்ந்து நீர் தேக்கிய வயல்' என்று ஒரு வரி, 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று இன்னொரு வரி. இரண்டையும் ஓட்டி, கழித்து, வித்தியாசத்தைப் படமாகப் போடுவார்கள். முதல் வரியில் உள்ள வயலை டெல்டாவில் யார் பார்த்தார்கள்?

பழைய கதை ஒன்று. வெளிநாட்டு வயல்களில் எடுத்த அளவுகளை வைத்து நீட்டிக் கணக்கிட்டு, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு மதிப்பீடு வைத்திருந்தது. 1991இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் நாட்டின் பல பகுதிகளில் வயலில் பெட்டி வைத்து அளந்தார்கள். வந்த விடை சுமார் 40 லட்சம் டன். ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. பருவநிலைப் பேச்சுவார்த்தைகள் சூடுபிடித்த நேரம் அது. அந்த எண் சரியான வேளையில் கையில் இருந்தது.

நீர்க்கணக்கு | திங்கள், பகல் 2:34

மித்ரா கதையைக் களக்காரர்கள் எல்லா விவாதத்திலும் எடுக்கிறார்கள். அது ஒரு தேசியத் திட்டம், நாடு முழுக்க ஆய்வகங்கள் சேர்ந்து செய்தது. ஒரு மாணவியின் தலையில் அதை வைக்க முடியாது. ஆனால் நீர் நின்ற நாள்களைப் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. மாடல்காரர்கள் அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பது உண்மை. செயற்கைக்கோள் ரேடாரில் வயல் நனைந்திருக்கிறதா என்று பார்க்க முயல்கிறார்கள். பயிர் அடர்ந்தபின் அதுவும் தெளிவாகத் தெரிவதில்லை.

மதகடி | திங்கள், மாலை 5:50

பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடுகிறோம். நீர் குறைந்தால் முறைவைத்து, மாற்றி மாற்றி விடுவோம். தலைப்பு மதகுகளிலும் நீரொழுங்கிகளிலும் மட்டம் குறிப்பது வழக்கம், அந்தப் பதிவுகளைப் பிரிவு அலுவலகத்தில் முறையாக எழுதிக் கேட்டுப் பெறலாம். கிளை வாய்க்காலில் எந்த மடையை எப்போது திறந்தோம் என்பது மடை திறந்து மூடும் பணியாளரான லஸ்கரின் தலையில்தான் இருக்கும். அவரிடம் உட்கார்ந்து கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள், உங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத நீரியல் அது.

வாய்க்கால் வரைக்கும் எங்களிடம் கணக்கு உண்டு. வரப்பைத் தாண்டி உள்ளே எத்தனை நாள் எவ்வளவு நின்றது என்பதை நாங்கள் எழுதி வைத்ததில்லை. வேளாண்மைத் துறையும் எழுதி நான் பார்த்ததில்லை. அதை அளக்கக் குரோமட்டோகிராப் எதற்கு? பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லும் துளையிட்ட குழாய் போதும். 30 சென்டிமீட்டர் நீளம், பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. உள்ளே ஸ்கேலை விட்டால் நீர் மட்டம் தெரிந்துவிடும். ஒரு கிளை வாய்க்காலைப் பிடித்துத் தலை, நடு, கடை மூன்றிலும் குழாய் இறக்குங்கள். நான் பணியில் இருந்தபோது யாராவது இதைச் செய்து கொடுத்திருந்தால் ஆட்சியர் அலுவலகக் கூட்டங்களில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

தணிக்கையாளர் | திங்கள், இரவு 9:05

வாயு வெளியேற்றத்தைக் குறைத்ததாகக் காட்டி, அந்த அளவை டன் கணக்கில் விற்கும் கரிம வரவுத் திட்டங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். மதகடி ஐயா சொன்னது எங்கள் துறையின் பெரிய ஓட்டை. நெல் வயல் திட்டங்களில் வரவு எப்படி வருகிறது? 'முன்பு தொடர்ந்து நீர் நின்றது, நாங்கள் வந்தபின் காயவிட்டோம்' என்ற இரண்டு வாக்கியங்களுக்கு நடுவிலிருந்து. இரண்டாவதைக் காட்ட ஒளிப்படம், குழாய், செயலி எல்லாம் கொண்டுவருவார்கள். முதலாவதுக்கு விவசாயியிடம் வாங்கிய கையெழுத்துத்தான் ஆதாரம். கடைமடை சொல்வதுபோல வயல் தானாகவே இரண்டு மூன்று தடவை காய்ந்துகொண்டிருந்தால், அங்கே குறைப்பதற்கு மிச்சம் இருப்பது கொஞ்சம். விற்றது மட்டும் முழு அளவு.

2024 ஆகஸ்டில் கரிம வரவுகளுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை ஒரே மூச்சில் நிராகரித்தது. அவற்றுக்கு அடிப்படையாக இருந்த பழைய முறையியலையும் அதற்கு முந்தைய ஆண்டே ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே அடிப்படை நிலையை நாள்வாரியாக அளந்த ஓர் ஆய்வேடு இருந்தால் நாங்கள் தேடி வந்து படிப்போம்.

கடைமடை | திங்கள், இரவு 9:40

நல்லது. அந்த ஒரு டன் கணக்கை ஏக்கருக்கு மாற்றிப் பார்த்தேன். 0.4 டன். டன்னுக்குப் பத்து டாலர் என்று வைத்தாலும் நான்கு டாலர். அதில் நிறுவனம் தன் பங்கை எடுத்தபின் எனக்கு வருவது ஓர் ஆளின் ஒரு நாள் கூலிக்குக் காணாது. இதற்காக மேல் வயல்காரரிடம் சண்டை போட நான் தயாரில்லை.

வரப்புநடை | செவ்வாய், இரவு 8:25

எல்லோருக்கும் நன்றி. இன்று வழிகாட்டியிடம் பேசினேன். திட்டத்தை இப்படி மாற்றி வைத்திருக்கிறேன், குறை சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு கிளை வாய்க்காலில், யாரும் எந்த முறையையும் சொல்லிக்கொடுக்காத வயல்களில், குறுவை முழுக்க நீர் மட்டம் நாள்தோறும் எப்படி ஏறி இறங்குகிறது? காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் மறுபடி நீர் விட வேண்டிய எல்லையான, மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டரை எத்தனை தடவை தொடுகிறது? தலைமடை, நடு, கடைமடை என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றிலும் வாய்க்காலை ஒட்டிய வயல், வயல் வழியாக நீர் பெறும் வயல், வடிமுனைக் குழாய் உள்ள வயல். வாய்க்கால் மட்டப் பதிவையும் மழையையும் சேர்த்துப் பார்ப்பேன். பிறகு ஒவ்வொரு வயலும் ஐ.பி.சி.சி. வகைப்பாட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்து, எல்லாமே 'தொடர்ந்து நீர் தேக்கியவை' என்று கொண்டால் வரும் மீத்தேன் கணக்கோடு ஒப்பிடுவேன். நேரம் இருந்தால் அதே நீர்மட்டத்தை டி.என்.டி.சி.யில் கொடுத்து ஓட்டுவேன். வழிகாட்டிக்கு இந்தக் கடைசி வாக்கியம்தான் பிடித்தது.

பெட்டி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான்.

பெட்டிக்காரன் | செவ்வாய், இரவு 9:18

வருத்தப்படாதீர்கள், பெட்டி எங்கேயும் ஓடிவிடாது. மூன்று விஷயங்கள் மட்டும்.

பழைய டெல்டாவின் களிமண் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பு விழுந்தபின் குழாயில் தெரியும் மட்டமும் மண்ணின் ஈரமும் ஒன்றாக இருக்காது, ஆகவே வெடிப்பு தெரிந்த நாளைத் தனியாகக் குறியுங்கள். கல்லணைக் கால்வாய்ப் பக்கத்துப் புது டெல்டாவில் மண் லேசானது, நீர் வேகமாக இறங்கும். இரண்டையும் ஒரே ஆய்வில் கலக்காதீர்கள். அடுத்து, குழாய்க்குள் சேறு ஏறி அடைத்துக்கொள்ளும், நண்டு குடியேறும். துளைகளைச் சுற்றி வலைத்துணி கட்டி, வாரம் ஒரு தடவை சுத்தம் செய்யுங்கள். மூன்றாவது, நட்ட முதல் இரண்டு வாரங்களில் களைக்காக நீர் கட்டுவார்கள், பூக்கும் பருவத்திலும் காயவிட அஞ்சுவார்கள். அந்த நாள்களில் நிற்கும் நீரை விவசாயியின் அலட்சியமாக எழுதிவிடாதீர்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் முறையே அப்போது நீர் கட்டத்தான் சொல்கிறது.

நீர்க்கணக்கு | செவ்வாய், இரவு 10:02

ஒரு பருவம் ஒரு வாய்க்கால் என்ற என் ஆட்சேபம் அப்படியே இருக்கிறது. மேட்டூரில் நிறைய நீர் இருக்கும் ஆண்டாக அமைந்தால் எல்லா வயலும் நனைந்தே கிடக்கும், உங்கள் ஆய்வு 'காய்வதில்லை' என்று சொல்லிவிடும். ஆகவே அந்த ஆண்டு நீர்வரத்து கடந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டால் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஓர் அத்தியாயம் சேருங்கள். வாய்க்கால் வற்றி எத்தனை நாளில் வயல் 15 சென்டிமீட்டருக்கு இறங்குகிறது என்ற உறவைக் கண்டுபிடித்துவிட்டால், ஐயா சொன்ன பழைய மட்டப் பதிவுகளை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடலாம். அப்போது என்னிடம் வாருங்கள், குறிநிரல் எழுத உதவுகிறேன்.

மதகடி | புதன், காலை 6:10

பதிவு கேட்கும் கடிதத்தைத் துறைத் தலைவர் கையெழுத்தோடு செயற்பொறியாளருக்கு அனுப்புங்கள். தண்ணீர் திறந்தபின் போனால் அலுவலகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள், எல்லோரும் ஆற்றங்கரையில் இருப்பார்கள்.

கடைமடை | புதன், காலை 6:55

வாய்க்கால் தேடவேண்டாம், எங்கள் வாய்க்காலுக்கே வாருங்கள். தலைமடைக்காரர்களிடம் நான் பேசினால் கதவைச் சாத்துவார்கள், அதை ஐயாவோ உங்கள் கல்லூரியோ பார்த்துக்கொள்ளட்டும். குழாயை வரப்பிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இறக்குங்கள். நடு வயலில் இறக்கினால் தினமும் பயிரை மிதித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும், ஒரு வாரத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் வரப்போரம் பெரும்பாலும் மேடாக இருக்கும், அங்கே தெரியும் மட்டத்தை வயலின் சராசரி மட்டத்துக்குச் சரிசெய்ய ஒரு லெவல் கருவி கொண்டுவாருங்கள்.

வரப்புநடை | புதன், காலை 7:30

லெவல் கருவி எங்கள் துறையில் இருக்கிறது அண்ணா. நாற்று விடுவதற்கு முன்பே வந்து அளந்துகொள்ளலாமா, இல்லை உழுது சமன் செய்யும் வரை காத்திருக்க வேண்டுமா?

கடைமடை | புதன், காலை 7:41

பரம்படித்த மறுநாள் வாருங்கள். அதற்கு முன் அளந்தால் அந்த மட்டம் வேறு, அதற்குப் பிறகு நடவு ஆட்கள் இறங்கிவிடுவார்கள்.